கிரவுன் ஆயிலை முதல் தடவை எப்போது மாற்றுவது?

என் மச்சினன் மகன் தை மாதம் புது பிக்கப் ஒன்று எடுத்தான். பழநியிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போது உர மூட்டையும் மளிகைச் சாமானும் போகும். இறங்கும்போது கேரட், பீன்ஸ், முள்ளங்கி வரும். காயை ஒட்டன்சத்திரம் சந்தையில் இறக்கிவிட்டுத்தான் வீடு. மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். வண்டி நாலு நாள் நின்றால் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டிய நிலை.

முதல் சர்வீசுக்கு வண்டியை விடும்போது, “மாப்ளே, இன்ஜின் ஆயிலோட சேர்த்துக் கிரவுன் ஆயிலையும் மாத்தச் சொல்லு” என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் வந்து, “மாமா, அதுக்கெல்லாம் இப்ப அவசியமே இல்லைன்னுட்டாங்க. புத்தகத்துல இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடணும்னு போட்டிருக்காம். ‘எந்தப் பழைய மெக்கானிக் சொன்னாரு?’ன்னு சிரிச்சாங்க” என்றான்.

பழைய மெக்கானிக் சொன்னதுதான். பஸ் டிப்போ பட்டறையில் 33 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். சிரித்த பையன் மேல் எனக்கு வருத்தமில்லை. அவன் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறான், அது அவன் வேலை. ஆனாலும் என் கருத்து மாறவில்லை. சுமை ஏற்றும் புது வண்டிக்கு, முதல் கிரவுன் ஆயிலை 5,000 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை மாற்றிவிடுவது நல்லது. ஏன் என்று சொல்கிறேன்.

பின் அச்சின் நடுவில் பானை போல உருண்டையாக இருக்கிறதே, அதற்குள்தான் கிரவுன் வீலும் பினியனும் இருக்கின்றன. முன்னாலிருந்து வரும் சுழற்சியைச் சக்கரத்தின் பக்கம் திருப்பிவிடுவது அவை. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தைச் சமாளிப்பது உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள். டிஃபரன்ஷியல் என்று பெயர் வந்ததே அதனால்தான்.

இப்போதைய பிக்கப்புகள் பலவற்றில் பினியன், கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். ஹைபாய்டு என்பார்கள். இதில் பல்லோடு பல் உருள்வது மட்டுமில்லை, அழுத்தத்தோடு உரசி வழுக்கிக்கொண்டும் போகிறது. சாதாரண எண்ணெய்ப் படலம் அந்த அழுத்தத்தில் நிற்காது. அதனால்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ஜி.எல்.5 ரக ஆயிலை ஊற்றச் சொல்கிறார்கள். தொண்ணூறு ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கைப் பொத்த வைக்கும் அந்த நாற்றம் கந்தகத்தின் கைங்கர்யம்.

புதுப் பற்கள் எவ்வளவு நன்றாகக் கடைந்து வந்தாலும், ஒன்றோடொன்று பழகும் வரை கொஞ்சம் தேயத்தான் செய்யும். அந்தப் பொடி எங்கே போகும்? இன்ஜினில் ஆயில் ஃபில்டர் இருக்கிறது. சாதாரணப் பிக்கப்பின் கிரவுன் கூட்டில் ஃபில்டர் கிடையாது. பல வண்டிகளில் டிரெயின் பிளக்கில் ஒரு காந்தம் இருக்கும். காந்தம் பிடித்தது போக மீதி, ஆயிலோடு சுற்றிச் சுற்றி பேரிங்குக்குள்ளும் போய் வரும். முதல் ஆயிலை வடித்துவிட்டால் பழகும் காலத்துப் பொடியில் பெரும்பகுதி அதோடு வெளியே வந்துவிடும். நான் சொல்லும் நியாயம் இவ்வளவுதான்.

எதிர்ப்பக்கம் சொல்வதிலும் உண்மை உண்டு. இப்போது பற்களைக் கடையும் இயந்திரங்கள் எங்கள் காலத்தைவிட மிகத் துல்லியமானவை, ஆயிலும் தரம் கூடியது. கொஞ்சம் பொடி இருக்கும் என்று கணக்கில் வைத்துத்தான் கம்பெனிக்காரர்கள் மாற்றும் காலத்தைக் குறிக்கிறார்கள். வீட்டுக்கும் ஆபீசுக்கும் மட்டும் ஓடும் வண்டியாக இருந்தால் நானே புத்தகப்படி போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அதே புத்தகங்களில் பலவற்றில் கடினமான உபயோகம் என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். முழுச் சுமை, மலை ஏற்றம், புழுதி, தண்ணீரில் இறங்குவது எல்லாம் அதில் வரும். அப்படி ஓடும் வண்டிக்கு ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்லியிருப்பார்கள். முன்பக்கத்து அட்டவணையோடு புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

1987 தீபாவளிக்கு முந்தின வாரம். ஒரு பஸ்ஸுக்குப் புது கிரவுன் பினியன் செட் மாட்டி அனுப்பியிருந்தோம். புது செட் மாட்டினால் ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலை வடித்துப் புதிது ஊற்ற வேண்டும் என்பது எங்கள் ஃபோர்மேன் வைத்த சட்டம். அந்த பஸ் வந்த இரவு ஸ்பெஷல் வண்டிகளின் நெரிசல். விடிவதற்குள் எல்லாவற்றையும் வெளியே அனுப்பியாக வேண்டும். நான் பிளக்கைக் கழற்றவே இல்லை. அட்டையில் மட்டும் “மாற்றப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த வண்டி ராத்திரி மலைப்பாதையில் ஊளையிட்டுக்கொண்டு நின்றுவிட்டது. ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் கைக்குழந்தைகளோடு குளிரில் விடிய விடிய ரோட்டோரம் உட்கார்ந்திருந்தது. பிரித்துப் பார்த்தோம். பினியன் பேரிங் பொடியாகிக் கிடந்தது. ஆயிலை மாற்றியிருந்தால் தப்பியிருக்குமா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பேரிங்கே கோளாறாக இருந்திருக்கலாம். ஃபோர்மேன் அட்டையைப் பார்த்துவிட்டு, “ஆயில் மாத்தியிருக்கே, அப்புறம் எப்படி?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் இன்று இல்லை. அந்தக் கையெழுத்து மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மச்சினன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். 4,800 கிலோமீட்டர் ஓடியபோது, காசு கொடுத்து அதே சர்வீஸ் நிலையத்தில் மாற்றச் சொன்னேன். வாரண்டி இருக்கும்போது வெளியே கழற்றிவிட்டு, பின்னால் வம்பு வந்தால் பேச முடியாது. புத்தகத்தில் போட்ட ரகம்தானா என்று பார்த்து, ரகத்தின் பெயரோடு பில் வாங்கி வைத்துக்கொண்டான். நானும் கூடப் போயிருந்தேன். வடிந்த ஆயில் வெயிலில் வெள்ளி பெயிண்ட் கலந்த மாதிரி மின்னியது. காந்தத்தில் மை போலக் கருப்பாக ஒட்டியிருந்ததை விரலில் தேய்த்துப் பார்த்தேன். மாவாக இருந்தது, நறநறப்பு இல்லை. இது சாதாரணம்தான். சில்லு சில்லாக வந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். சிரித்த பையனும் எட்டிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே பட்டறையில் மாற்றுகிறவர்கள் சில விஷயங்களைக் கவனியுங்கள். வண்டி கொஞ்ச தூரம் ஓடி ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது, சமதளத்தில் நிறுத்தி வடிக்க வேண்டும். முதலில் மேலே ஊற்றும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கீழே வடித்த பிறகு மேல் பிளக் துருப்பிடித்துத் திறக்காவிட்டால் வண்டி அங்கேயே கிடக்கும். பெரும்பாலான வண்டிகளில் ஊற்றும் துளையின் விளிம்பு வரை ஆயில் வந்தால் சரியான அளவு. அச்சின் மேலே இருக்கும் மூச்சுக்குழாய் சேற்றில் அடைத்திருந்தால், உள்ளே காற்று சூடேறி ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். அந்த ஆயில் பிரேக் ஷூவில் இறங்கினால் மலையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வடித்த ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்போது கிலோமீட்டர் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே மாற்றிவிட்டு, தண்ணீர் எந்த வழியாகப் போனது என்று தேடுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்துப் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள்.

திரும்பி வரும் வழியில், “மாமா, இனி அஞ்சாயிரத்துக்கு ஒரு தடவை மாத்திக்கிட்டே இருக்கணுமா?” என்று கேட்டான்.

“வேண்டாம் மாப்ளே, அது காசைக் கரியாக்குற வேலை. இனி அந்தப் புத்தகத்தை எடு. மலையில சுமை ஏத்துற வண்டிக்கு என்ன போட்டிருக்கோ, அதைப் பார்த்து அதன்படி செய்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, மூலையை மடித்து வைத்தான்.