ஆடுவோரும் அமர்ந்து காண்போரும்

"அவனே விளையாடினாலாவது பொறுத்துக்கொள்வேன், சாமி. எவனோ ஆடும் வீடியோ விளையாட்டை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்!" என்று ஒரு தாய் தம் மகனைப் பற்றி எம்மிடம் முறையிட்டார்.

அன்பு வாசகர்களே, அம்முறையீடு நியாயமானதென்றே முதலில் எமக்கும் தோன்றிற்று. பின்னர் ஓர் ஐயம் எழுந்தது. நாள் முழுதும் தொலைக்காட்சியில் கிரிக்கெட் காணும் தந்தையை நோக்கி, "நீர் ஏன் மட்டையைப் பிடிக்கவில்லை?" என்று எவரும் வினவுவதில்லையே!

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதும் அன்று. 1998-இல் வெளியான ஸ்டார்கிராஃப்ட் என்னும் போர் விளையாட்டு தென்கொரிய மக்களை ஆட்கொண்டது. 2000-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் கணினி விளையாட்டுகளுக்கெனத் தனியே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கப்பட்டுவிட்டது. 2014 அக்டோபரில், சியோல் நகரின் உலகக் கோப்பை அரங்கில் ஏறத்தாழ 40,000 பேர் கூடி, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டின் இறுதிப் போட்டியைக் கண்டனர். களத்தில் ஆடியவர்களோ அணிக்கு ஐவர் வீதம் பத்துப் பேரே. பிறர் ஆடுவதை நேரடியாக ஒளிபரப்பும் ட்விட்ச் தளத்தை, அதே ஆண்டில் அமேசான் நிறுவனம் ஏறக்குறைய 97 கோடி டாலர் கொடுத்து வாங்கிற்று.

காண்பவனுக்கும் ஆடுபவனுக்கும் உள்ள வேறுபாட்டை ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டிலேயே தெளிவாகக் காணலாம். ஆடுபவனுக்குத் தன் படை நிற்கும் இடமும் அதன் சுற்றுப்புறமுமே தெரியும். எஞ்சிய நிலப்பரப்பு இருளில் மூழ்கியிருக்கும். பகைவன் அவ்விருளில் என்ன செய்கிறான் என்பதை ஊகித்தே அவன் படையை நகர்த்த வேண்டும். ஒளிபரப்பைக் காண்பவனுக்கோ இருதரப்பும் ஒருங்கே தெரியும். "பதுங்கியிருக்கும் படையை நோக்கிப் போகிறானே, மடையன்!" என்று அவன் கூவுகிறான். இவனை அந்நாற்காலியில் அமர்த்தினால் இவனும் அங்கேதான் போவான்! காண்பவன் பெறும் அறிவு பொய்யன்று. தேர்ந்தவர்களின் ஆட்டத்தைக் கண்டு கற்போர் பலர். ஆயினும், அவ்வறிவுக்கு அவன் இன்னும் விலை கொடுக்கவில்லை.

அவ்விலையைக் காண்போரே கொடுத்த விந்தையும் ஒன்றுண்டு. 2014 பிப்ரவரி 12-ஆம் நாள், போக்கிமான் என்னும் பழைய விளையாட்டு ஒன்று ட்விட்ச் தளத்தில் ஏற்றப்பட்டது. அதனை ஆடுவதற்கெனத் தனி ஆள் இல்லை. காண்போர் தட்டச்சு செய்யும் ஆணைகளின்படியே கதைநாயகன் நடந்தான். ஒருவர் வலம் என்பார். மற்றவர் இடம் என்பார். ஒரு மேட்டின் ஓரத்தைத் தவறி விழாமல் கடப்பதற்கே பல மணி நேரம் சென்றது. அரும்பாடுபட்டுச் சேர்த்த பிராணிகளுள் பல, தவறான ஆணைகளால் கைவிட்டுப் போயின. இழந்தவர் வேறெவரோ அல்லர், தாமே என்பதால் அன்று வருந்தியோர் ஆயிரமாயிரம் பேர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குகொண்ட அவ்வாட்டம், 16 நாள்களில் வெற்றியுடன் முடிவுற்றது.

நிற்க. அத்தாய்க்கு நாம் கூறியது இதுவே: "ஒருநாள் அவனருகில் அமர்ந்து, அவன் காண்பதை நீங்களும் காணுங்கள். பிறகு அவனை ஆடச் சொல்லி நீங்கள் பாருங்கள். அவன் தோற்றால் மட்டும் சிரித்துவிடாதீர்கள்." அண்ணன்மார் சிரித்ததனாலேயே ஆட்டத்தைக் கைவிட்டு, காண்பதோடு நின்றுவிட்ட சிறுவரை நாம் அறிவோம்.