மறைக்கலாம்... ஆனா சொல்லிட்டு மறைக்கணும்!

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் பொட்டி தட்டுற மேட்டர். பொறுத்துக்கோங்க :-)

உபுண்டுல 'ஆப்ட்-கேச் சர்ச் லிப்ரேஆபிஸ்'னு தேடினா மொழிக்கு ஒண்ணா பேக்கேஜ் வரிசை கட்டி வரும். நமக்கு வேணுங்கறது நடுவுல எங்கேயோ கிடக்கும். அந்த எரிச்சல்ல ஒரு ஏலியாஸ் எழுதி வச்சேன். பேர்ல 'எல்10என்' இருந்தா அந்த வரியை 'கிரெப்' தூக்கிடும். திரை பளிச்!

அப்புறம் ஒரு நாள் சேலையூர்ல அப்பாவோட லேப்டாப்புக்கு உபுண்டு போட்டுக் குடுத்தேன். குடியிருப்போர் சங்கக் கடிதம் எல்லாம் தட்டுறது அவர்தான். "மெனு தமிழ்ல வருமாடா?"ன்னார். என் பொட்டியில தேடினேன், ஒண்ணும் வரலை. "இல்லப்பா"ன்னுட்டேன். அவரும் "சரி விடு"ன்னுட்டார்.

பல மாசம் கழிச்சுதான் தெரிஞ்சது, 'லிப்ரேஆபிஸ்-எல்10என்-டிஏ' இருக்கு! தன்னார்வலர்கள் வரி வரியா தமிழாக்கினதை மறைச்சது வேற யாரோ இல்ல, தமிழ்ல வலைப்பதிவு எழுதுற அடியேன்தான்.

இதுக்காக எதையுமே மறைக்கக் கூடாதுன்னு சொல்ல வரலை. ஆயிரத்துச் சொச்சம் வரியை யார் படிக்கிறது? 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' பாருங்க. வேற பேக்கேஜுக்குத் துணையா தானா வந்ததை எல்லாம் விட்டுட்டு மத்ததை மட்டும் காட்டும். எது தானா வந்ததுன்னு ஆப்ட் குறிச்சு வச்சிருக்கு, அதை வச்சு மறைக்குது. நான் பேரைப் பாத்து குத்துமதிப்பா மறைச்சேன்.

இன்னொண்ணு. 'ஆப்ட் லிஸ்ட்'ல ஒரு பேக்கேஜைக் கேட்டா ஒரு வெர்ஷனைத்தான் காட்டும். வேற வெர்ஷனும் இருந்தா, 'இன்னும் இத்தனை இருக்கு, பாக்கணும்னா மைனஸ் ஏ போடு'ன்னு கீழ ஒரு வரி வரும். அந்த ஒரு வரிதாங்க மரியாதை. அது இல்லாம மறைச்சா, 'மறைச்சிருக்கு'ங்கறதுக்கும் 'இல்லவே இல்ல'ங்கறதுக்கும் பாக்கிறவனுக்கு வித்தியாசமே தெரியாது.

எனக்குத் தேவையில்லாதது அப்பாவுக்குத் தேவை. அடுத்தவனுக்கு எது வேண்டாம்னு முடிவு பண்ற உரிமை, கட்டளை எழுதுறவனுக்குக் கிடையாது.

இப்ப என் ஏலியாஸ் மறைச்ச வரிகளை எண்ணி கடைசில சொல்லிடுது. அப்பா மெனுல 'கோப்பு'ன்னு இருக்கு. "அன்னிக்கு இல்லைன்னியேடா?"ன்னார். அசடு வழிஞ்சேன் :-(

டிஸ்கி: உங்க ஏலியாஸ்கள்லயும் 'கிரெப் மைனஸ் வி' இருந்தா, இன்னிக்கு ஒரு தடவை அதை எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க.