முதல் கணக்கு யாருடையது?

சென்னை ரிச்சி தெருவாக இருக்கட்டும், ஏதோ ஒரு தாலுகா தலைநகரின் பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியாக இருக்கட்டும், கணினிக் கடைக்குப் போய் "ஓஎஸ் போடணும்" என்றால் கடைக்காரர் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுதான். டேட்டா எடுக்கணுமா? சி டிரைவ் மட்டும் ஃபார்மேட் பண்ணினால் போதுமா? பிரின்டர் என்ன மாடல்? சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க. இந்தக் கணினியை வீட்டில் எத்தனை பேர் பயன்படுத்துவீர்கள், யார் யார் பெயரில் கணக்கு தொடங்கட்டும் என்று கேட்ட ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. சாயங்காலம் கைக்கு வரும் கணினியில் 'அட்மின்' என்றோ 'யூசர்' என்றோ, சில சமயம் கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரிலேயோ ஒரே ஒரு கணக்கு இருக்கும். கடவுச்சொல் இருக்காது. இருந்தால் 1234.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கடவுச்சொல் வைத்துக் கொடுத்தால் மறுநாள் காலையிலேயே போன் வரும்: "தம்பி, உள்ளேயே போக மாட்டேங்குது. அந்த பாஸ்வேர்டை எடுத்து விட்ருப்பா." அவருக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இயங்குதளத்தை நிறுவும்போது வரும் திரைகளில் மொழி, நேரம், விசைப்பலகை போன்றவற்றையெல்லாம் பிறகு நினைத்த நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். கணக்குத் திரை அப்படியல்ல. அங்கே உருவாகும் முதல் கணக்குக்குத்தான் கணினியின் முழு அதிகாரமும் போய்ச் சேர்கிறது. மென்பொருளைப் போடுவது, எடுப்பது, அடுத்தவர் கோப்பைத் திறப்பது, இன்னொருவருக்குக் கணக்கு கொடுப்பது, மறுப்பது எல்லாம் அந்தக் கணக்கின் கையில். பத்திரத்தில் வாங்குபவர் பெயர் எழுதும் இடம் மாதிரி அது. இத்தனை காலம் அந்த இடத்தைக் கடைக்காரர் நிரப்பிக்கொண்டிருந்தார். இப்போது மென்பொருள் நிறுவனமே நிரப்பப் பார்க்கிறது. பணம் கொடுத்து வாங்கியவர் இரண்டு முறையும் அந்த இடத்தில் இல்லை என்பதே என் புகார்.

ஆளுக்கொரு கணக்கு என்ற ஏற்பாடு வீட்டுக் கணினிக்காகப் பிறந்ததல்ல. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையிலான குழு உருவாக்கிய சிடிஎஸ்எஸ் அமைப்பில், ஒரே பெரிய கணினியைப் பலரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார்கள் என்று கணக்கு வைக்கவும், ஒருவர் கோப்பை இன்னொருவர் கலைக்காமல் இருக்கவும் பெயரும் கடவுச்சொல்லும் வந்தன. 1962-லேயே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், எல்லாருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பூட்டும் கள்ளச்சாவியும் அனேகமாக ஒரே பிரசவம். அந்த மரபை யூனிக்ஸ் எடுத்துக்கொண்டது. யூனிக்ஸின் வழியில் லினக்ஸும் மேக்கும் வந்தன. மேசைக்கணினியோ ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஓர் ஆள் என்ற எண்ணத்தில் வளர்ந்தது. எம்எஸ்-டாஸில் கணக்கு என்ற பேச்சே இல்லை. விண்டோஸ் 98-ல் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி வரும். எஸ்கேப் விசையைத் தட்டினால் மரியாதையாக வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிதான் ஆளுக்கொரு கணக்கை வீடுகளுக்குள் உண்மையாகவே கொண்டுவந்தது. நிறுவி முடிக்கும் தறுவாயில், இந்தக் கணினியை யாரெல்லாம் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்டு ஐந்து பெயர்களுக்கு இடம் விட்டிருந்தது அது. நல்ல கேள்வி. ஆனால் எழுதிய ஐந்து பேருக்கும் நிர்வாகி அதிகாரம். ஐந்து பேருக்கும் கடவுச்சொல் கிடையாது! ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எதையோ சொடுக்கினால், வந்து சேரும் வைரஸுக்கும் நிர்வாகி அதிகாரம். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான், முக்கியமான மாற்றம் எதற்கும் அனுமதி கேட்கும் பெட்டி விண்டோஸ் விஸ்டாவில் வந்தது. நம் ஆட்கள் அதையும் பழக்கிக்கொண்டார்கள். என்ன கேட்கிறது என்று படிக்காமலே 'யெஸ்'. வீட்டில் பிள்ளைகளுக்கு நிர்வாகி அல்லாத சாதாரணக் கணக்கு கொடுத்திருந்தால் அதே பெட்டி யெஸ், நோ என்று மட்டும் கேட்காது. நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்த ஒரு தடை எத்தனையோ ஃபார்மேட்டுகளை மிச்சப்படுத்தியிருக்கும்.

'நம் வீட்டுக்குள் என்ன ஒளிவுமறைவு' என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஒற்றைக் கணக்கில்தான் அப்பாவின் இணையவங்கிக் கடவுச்சொல்லை உலாவி நினைவில் வைத்திருக்கிறது. மகள் தேடிய மருத்துவச் சந்தேகமும் அங்கேதான் கிடக்கிறது. அவள் எதைப் படிக்கிறாள், யாருக்கு எழுதுகிறாள் என்பதை அண்ணன்காரன் திறந்து பார்க்க எந்தத் திறமையும் தேவையில்லை. ஒளிவுமறைவு இல்லாத வீடு என்று நாம் பெருமைப்படுகிற இடத்தில், ஒளிக்க உரிமை இல்லாத ஒருவர் பெரும்பாலும் இருக்கிறார். அலுவலகங்களின் கதை இன்னும் மோசம். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு பேர் மாறி மாறி உட்காரும் கணினி என்று வைத்துக்கொள்வோம். கணக்கு ஒன்றே. வாடிக்கையாளரின் கோப்பு ஒன்று மார்ச் மாதக் கடைசியில் காணாமல் போகிறது. யார் அழித்தது? இயங்குதளத்தின் பதிவேட்டில் அது பதிவாகியிருந்தாலும் 'அட்மின்' என்றே பதில் வரும். பழி கடைசியாகச் சேர்ந்த பெண்ணின் தலையில் விழும். தனிக்கணக்கு என்பது சந்தேகப்படுவதற்கான கருவி மட்டுமல்ல; செய்யாததைச் செய்யவில்லை என்று காட்டவும் அதுதான் உதவுகிறது.

விண்டோஸ் 11-க்கு வருவோம். 2021 அக்டோபரில் அது வெளியானபோதே ஹோம் பதிப்புக்கு இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கட்டாயம் என்றானது. மறு ஆண்டு, சொந்தப் பயன்பாட்டுக்கு நிறுவப்படும் ப்ரோ பதிப்புக்கும் அந்த விதி வந்தது. ஷிஃப்ட்டுடன் எஃப்10 விசையை அழுத்திக் கறுப்புத் திரையை வரவழைத்து ஒரு கட்டளையைத் தட்டினால், இணையம் இல்லாமல் உள்ளூர்க் கணக்கு தொடங்கலாம் என்பது கடைக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். 2025 மார்ச்சில் அந்தக் கட்டளையைச் சோதனைப் பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் நீக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் மற்றக் குறுக்கு வழிகளையும் அடைக்கத் தொடங்கியது. முக்கியமான அமைப்புத் திரைகளை மக்கள் தவறவிடுகிறார்களாம், அதனால்தானாம். ப்ரோவில், அலுவலக வலையமைப்பில் சேர்ப்பதாகச் சொல்லி உள்ளூர்க் கணக்கு தொடங்கும் ஒரு சந்து இருக்கிறது. ஹோமில் அது கிடையாது. விலை குறைந்த பதிப்பை வாங்குபவருக்குத் தன் பெயரில் மட்டும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும் வழியும் குறைவு.

மின்னஞ்சலைக் கொடுத்துத்தான் தொலைப்போமே என்று கொடுத்தால், அதன் முதல் ஐந்து எழுத்தை வெட்டி நம் கோப்புறைக்குப் பெயராக வைத்துவிடுகிறது. செந்தமிழ்ச்செல்வி ஆங்கில எழுத்தில் தன் பெயரையே மின்னஞ்சலாக வைத்திருந்தால், சி டிரைவில் அவர் 'செந்த்' ஆகிவிடுவார். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய தொல்லை. அடுத்தது அப்படியல்ல. கடையில் அந்தத் திரை வரும்போது நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்: "அண்ணே, உங்க மெயில் பாஸ்வேர்டு சொல்லுங்க." "அதெல்லாம் யாருக்குப்பா ஞாபகம் இருக்கு? நீயே ஏதாவது போட்டு முடிச்சுக் குடு." அவர் தன்னுடைய மெயில் ஐடியையோ, கடையில் எல்லாருக்கும் போடும் பொது ஐடியையோ கொடுத்து வேலையை முடிக்கிறார். 2024-ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் வட்டு முழுவதும் தானாகவே குறியாக்கம் செய்யப்படுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி, எந்தக் கணக்கில் நுழைந்தோமோ அந்தக் கணக்கில் போய் உட்காருகிறது. ஒரு நாள் மதர்போர்டு மாற்றுகிறீர்கள், அல்லது பயாஸ் அமைப்பு மாறுகிறது. நீலத் திரை அந்த 48 இலக்கங்களைக் கேட்கிறது. கல்யாணப் படங்களும் நிலப் பத்திர நகல்களும் உள்ளே. சாவி கடைக்காரரின் மின்னஞ்சலில். அவர் கடையைக் காலி செய்துவிட்டுத் திருப்பூருக்குப் போயிருந்தால்?

நியாயமாகப் பார்த்தால் மைக்ரோசாஃப்டின் வாதத்திலும் பொருள் இருக்கிறது. மடிக்கணினி தொலைந்தால் குறியாக்கம் காப்பாற்றும். மறந்துபோன கடவுச்சொல்லை இணையக் கணக்கு வழியாக மீட்பது, உள்ளூர்க் கணக்கில் மீட்பதைவிட எவ்வளவோ எளிது. சாவியைத் துண்டுச்சீட்டில் எழுதி அலமாரியில் வைக்கும் ஒழுக்கம் நம்மில் பலருக்கு இல்லை என்பதும் உண்மை. என்னைக் கேட்டால், தனியாக ஒரே மடிக்கணினி வைத்திருப்பவருக்கு இணையக் கணக்கையே சிபாரிசு செய்வேன், அவருடைய சொந்த மின்னஞ்சலாக இருக்கும்பட்சத்தில். நல்ல வசதி என்றால் அதை விளக்கிச் சொல்லி, வேண்டுமா என்று கேட்கலாம். கேட்காமல் கதவைச் சாத்துவதற்கு அந்த வாதம் போதாது. அதிலும் ஊர்நூலகத்துக் கணினி, சுயஉதவிக் குழுவின் கணினி, மின்னஞ்சலே இல்லாத தாத்தாவின் கணினி இதற்கெல்லாம் யாருடைய மின்னஞ்சலைக் கொடுப்பது?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு இன்னொரு அவசரமும் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-ல்தான். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அதற்கு முன் கொடுக்கப்பட்ட எந்தக் கணினியும் மைக்ரோசாஃப்டின் கணக்கில் தேறாது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. நான் பார்த்த மாணவர்களில் அநேகம் பேர் முதல் வேலையாக அதை அழித்து டி டிரைவைப் பெரிதாக்கிக்கொண்டார்கள். அதைக் கையில் எடுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பாடத்திலும் இடம் இல்லை. கேரளத்தில் அரசுப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறியபோது ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பாடநூலும் கூடவே போயின. இன்று அந்த மாநில அரசின் கைட் அமைப்பு தரும் லினக்ஸ்தான் அங்கே பள்ளிக்கூட இயங்குதளம். நாம் வட்டில் ஏற்றியதோடு நிறுத்திக்கொண்டோம்.

லினக்ஸ் நிறுவும்போது வரும் கணக்குத் திரை இன்னும் உரிமையாளரைப் பார்த்தே பேசுகிறது. உபுண்டு உங்கள் பெயரையும் கணினியின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும், மின்னஞ்சல் தேவையில்லை. டெபியன் நிறுவியைத் தமிழிலேயே ஓட்டலாம். அதில் ரூட் எனப்படும் முழு அதிகாரக் கணக்குக்குக் கடவுச்சொல் கேட்கும் இடத்தை வெறுமையாக விட்டால், அந்தக் கணக்கையே முடக்கிவிட்டு, தேவைப்படும்போது மட்டும் அதிகாரத்தைக் கடன் வாங்கும் உரிமையை முதல் பயனருக்குக் கொடுக்கிறது. இதற்காக லினக்ஸுக்குக் கோயில் கட்ட வேண்டியதில்லை. ஒரு பயனரின் கோப்புறையை இன்னொரு பயனர் எட்டிப் பார்க்க முடியும் என்ற அமைப்பையே உபுண்டு 2021 வரை இயல்பாக வைத்திருந்தது. 21.04 பதிப்பில்தான் மாற்றினார்கள். டேலியும் ஹிந்தி டைப்பிங் தேர்வு மென்பொருளும் வேண்டும் என்கிறவரிடம் லினக்ஸைப் போடச் சொல்லிப் பிரசங்கம் செய்யவும் முடியாது. அவர் விண்டோஸில்தான் இருப்பார். அவருக்கும் அந்தத் திரையில் ஒரு தேர்வு வேண்டும்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு ஐரோப்பா சாட்சி. விண்டோஸ் 10-க்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டும் என்றால், கணினியின் அமைப்புகளை இணையத்தில் காப்புப் பிரதி எடுக்கவேண்டும், அல்லது அந்த நிறுவனத்தின் வெகுமதிப் புள்ளிகள் சேர்த்திருக்கவேண்டும், அல்லது 30 டாலர் கட்டவேண்டும் என்றது மைக்ரோசாஃப்ட். 30 டாலர் கட்டினாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு அவசியம். யூரோகன்ஸ்யூமர்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு இதைக் கேள்வி கேட்டதும், 2025 செப்டம்பரில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு மட்டும் அந்தக் காப்புப் பிரதி நிபந்தனை கைவிடப்பட்டது. கணக்கு நிபந்தனை அங்கேயும் தொடர்கிறது. நமக்கு இரண்டுமே தொடர்கின்றன.

இந்தியாவில் இதற்கு முன்னுதாரணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு வழக்கில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்த இந்தியப் போட்டி ஆணையம், கூடவே ஓர் உத்தரவும் போட்டது: போனை முதன்முதலாக இயக்கி அமைக்கும்போதே, தேடுபொறி எது வேண்டும் என்று பயனரைக் கேட்கவேண்டும். ஒரு சாதனத்தின் முதல் திரையில் என்ன கேட்கப்பட வேண்டும் என்பது நிறுவனத்தின் உள்வீட்டு விவகாரமல்ல, நுகர்வோர் உரிமை சார்ந்தது என்று இந்திய அமைப்பு ஒன்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. மேசைக்கணினியின் கணக்குத் திரைக்கும் அதே அளவுகோலை நீட்டச் சொல்லி ஆணையத்திடம் போகலாம். அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். அதுவரை தமிழக அரசு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மடிக்கணினிகளை ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் தன் நிறுவனமான எல்காட் வழியாக வாங்குவது அரசுதான். செயலியின் வேகம், நினைவகம், பையின் நிறம் வரை ஒப்பந்தப்புள்ளியில் எழுதுகிறார்கள். உள்ளூர்க் கணக்கு தொடங்கும் வழி முதல் திரையிலேயே தெரிய வேண்டும் என்று அதில் இன்னொரு வரி சேர்க்க, சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.