சதுரகிரியில் ராத்தங்கல் - ஒரு உள்ளூர்க்காரன் புலம்பல்

சென்னை நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். "உங்க ஊர்ப்பக்கம்தானே சதுரகிரி? புதுசா டென்ட் வாங்கியிருக்கேன். மேல ஒரு ராத்திரி தங்கலாமா?"ன்னு. கூடாதுங்கன்னேன். "கோயில்தானே, என்ன இருக்கு?"ன்னார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

சுந்தரபாண்டியத்துக்காரனுக்குச் சதுரகிரி அடுத்த வீடு மாதிரி. கிருஷ்ணன்கோவில் தாண்டினா எங்க ஊர், அப்புறம் வத்திராயிருப்பு, அப்புறம் தாணிப்பாறை அடிவாரம். சின்ன வயசில் சித்தப்பாவோட ஏறி, மடத்தில் கஞ்சி குடிச்சு, சாக்கை விரிச்சுப் படுத்திருக்கேன். ஒருதடவை ராத்திரி பூரா மழை. காலையில் இறங்கினா ஓடையில் இடுப்பளவு தண்ணி. சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக் கடந்தார். அப்ப அது ஜாலியா இருந்தது. 2015 மே மாசம் அதே மலையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் இறந்த செய்தியைப் படிச்சப்பத்தான் கை நடுங்கிச்சு.

மழை உச்சியில் பெய்யும். ஓடையில் நிக்கிறவன் தலைக்கு மேல வானம் வெளுப்பா இருக்கும். செங்குத்துச் சரிவு, நாம சுதாரிக்கறதுக்குள்ள தண்ணி வந்துடும். இருட்டில் கேட்கவே வேண்டாம்.

அந்த வெள்ளத்துக்கு அப்புறம்தான் பிரதோஷம், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் மட்டும்னு கெடுபிடி வந்தது. ராத்தங்கவும் தடை. "சாமி கும்பிட வனத்துறைகிட்ட ஏன் கேட்கணும்?"னு எங்க ஊர் டீக்கடையில் இன்னைக்கும் சண்டை நடக்கும். ஆனா இது 1988-லேயே நரை அணிலுக்காகச் சரணாலயமான காடு. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமும் ஆயிடுச்சு. ராத்திரியில் அது யானை நடக்கிற பாதை. இன்னொண்ணு, 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20 பேருக்கு மேல செத்தாங்களே, மறந்துட முடியுமா? தடை சரிதான்னு நான் சொல்றேன்.

ஆனா எங்கம்மாவுக்கு 68 வயசு. காலையில் ஏறி, பொழுது சாயறதுக்குள்ள இறங்கிடணும்னா அவங்களால ஆகாது. "இனி எனக்கு மகாலிங்கம் போட்டோவில்தான்"னு சொல்லிட்டாங்க. எத்தனை வீட்டில் எத்தனை அம்மாக்களோ.

தனுஷ்கோடியைப் பாருங்க. 1964 புயல் தின்ன இடம். அங்கேயும் இருட்டினப்புறம் இருக்க விடமாட்டாங்க. யாரும் சண்டை போடறதில்லையே, ஏன்? பக்கத்தில் ராமேஸ்வரம் இருக்கு. ரூம் போட்டுப் படுத்துட்டு விடியக்காலையில் போறாங்க. நமக்கு அப்படி ஒரு ராமேஸ்வரம் அடிவாரத்தில் வேணும். காட்டுக்கு வெளியே ஒரு திடல், வெளிச்சம், தண்ணி, பொம்பளைகளுக்குத் தனிக் கழிப்பறை. முந்தின நாளே போய்ப் படுத்தா, கேட் திறந்ததும் அம்மா மாதிரி ஆட்கள் மெதுவா ஏறி இறங்க ஒரு முழுப்பகல் கிடைக்கும். மேலே மழைன்னா கீழே மைக்கில் சொல்லவும் ஒரு ஆள் வேணும். 2024-ல் வழிகாட்டியோட காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போக 'ட்ரெக் தமிழ்நாடு' ஆரம்பிச்ச அரசுக்கு இது பெரிய காரியமா?

'தங்காதே'ன்னு சொல்றவங்க, 'இங்கே தங்கு'ன்னும் ஒரு இடம் காட்டணும். இல்லைன்னா ஆளுங்க திருட்டுத்தனமா காட்டுக்குள்ளதான் படுப்பாங்க.

நண்பரை எங்க வீட்டு மொட்டைமாடியில் டென்ட் போட்டுக்கச் சொல்லியிருக்கேன். அங்கிருந்தும் மலை தெரியும். அம்மாவும் தினம் அங்கிருந்துதான் கும்பிடறாங்க.