வாட் கணக்கு தோலுக்குப் போதாது

ஒரு புற ஊதா விளக்கின் மேல் 100 வாட் என்று அச்சிட்டிருந்தால், அது விளக்கு இழுக்கும் மின்சாரம். அதில் எவ்வளவு புற ஊதாக் கதிராக வெளிவருகிறது, எவ்வளவு வெறும் சூடாகப் போகிறது, எதிரே நிற்பவரின் தோலில் எவ்வளவு விழுகிறது என்பதற்கெல்லாம் அந்த எண் பதில் சொல்லாது. தோலைப் பழுப்பாக்கிக்கொள்ள மேலை நாட்டவர் படுக்கும் சூரிய விளக்குப் படுக்கைகளானாலும், வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் 311 நேனோமீட்டர் குழல்விளக்குகளானாலும் இதுதான் நிலை. மில்லிகிராம் குறிப்பிடாத மாத்திரை அட்டையை யாரும் வாங்க மாட்டோம். கதிருக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும்: தோலில் விழும் அளவை அளந்து, அளந்த தேதியோடு கருவியிலேயே ஒட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

திறன் அதிகமுள்ள விளக்கை வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். குறைந்த அழுத்தப் பாதரச விளக்கு, தான் வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை 254 நேனோமீட்டர் கதிராக மாற்றிவிடும்; திறனில் அதை மிஞ்சுவது கடினம். ஆனால் அது கிருமியைக் கொல்லும் விளக்கு, உடம்பில் பாய்ச்ச உகந்ததல்ல. எவ்வளவு கதிர் என்பதோடு எந்த அலைநீளம் என்பதும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும். சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் வகுத்த தோல் சிவப்பு அளவுகோலில் 298 நேனோமீட்டருக்கு மதிப்பு 1. 340 நேனோமீட்டருக்கு வெறும் ஆயிரத்தில் ஒன்று. அதாவது 340-இல் 100 வாட் செய்யும் வேலையை 298-இல் 0.1 வாட் செய்துவிடும். மொத்தக் கதிரை மட்டும் காட்டும் மலிவு மீட்டருக்கு அந்த 0.1 வாட் கண்ணிலேயே படாது. தோல் வெந்த பிறகுதான் தெரியும்.

அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தே சான்று. சூரிய விளக்குப் படுக்கைகளுக்கான ஐரோப்பிய வரம்பு, தோல் சிவப்புக் கணக்கில் சதுர மீட்டருக்கு 0.3 வாட். அது புற ஊதாக் குறியீடு 12-க்குச் சமம். வெப்பமண்டல நாடுகளின் நடுப்பகல் வெயிலுக்கு நிகர். இங்கிலாந்திலுள்ள அழகு நிலையங்களில் சுமார் 400 படுக்கைகளை ஆய்வாளர்கள் அளந்து 2013-இல் வெளியிட்ட முடிவில், பத்தில் ஒன்பது அந்த வரம்பைத் தாண்டியிருந்தன. சட்டம் இருந்தது, எண் இருந்தது. மீட்டரோடு யாரும் போகாத வரை அந்த மீறல் வெளியில் தெரியவில்லை. இத்தகைய படுக்கைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-இலேயே புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மருத்துவர்கள் சொல்லும் மறுப்பில் நியாயம் உண்டு. குறைந்த அளவில் தொடங்கி, தோல் தாங்குவதைப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டுகிறோம், மீட்டர் எதற்கு என்கிறார்கள். விளக்கு மாறாதிருந்தால் இந்த வாதம் நிற்கும். குழல்கள் பழசாகப் பழசாகக் கதிர் குறைகிறது. குறைந்த வெளிச்சத்துக்குப் பழகி நேரத்தைக் கூட்டிக்கொண்டே வந்தவர், புதுக் குழல் மாட்டிய மறுநாள் அதே நிமிடங்கள் நின்றால் புண்பட்டுத் திரும்புவார். நோயாளி ஊர் மாறினால் பழைய சீட்டிலுள்ள நிமிடக் கணக்கு செல்லாது; சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிஜூல் என்று எழுதியிருந்தால் எங்கும் செல்லும். மீட்டரே பிழை காட்டும் என்பதும் உண்மைதான்: ஒரு வகைக் குழலுக்கு அளவு திருத்திய கருவி இன்னொரு வகையில் தவறாகச் சொல்லும். அதற்காக அளவையே கைவிடுவது விசித்திரம்! ஐந்தில் ஒரு பங்கு பிழையுள்ள எண்கூட, இரண்டு மடங்கு வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கும். செலவு பெரிதென்றால் ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியே மீட்டர் வாங்க வேண்டியதில்லை; மாவட்டத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரி அதை வைத்துக்கொண்டு, குழல் மாற்றும்போதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் சென்று அளந்து தரலாம்.