சிரிப்புக்கு எத்தனை மார்க்?

அரூர் பக்கத்துத் தோழர் ஒருவர் பி.எச்.டி. நேர்முகத்துக்குப் போனார். தலைப்பு, தருமபுரி டீக்கடைகளில் இரட்டைக் குவளை. "விவரம் சேகரிக்கப் போனா உனக்கு எந்த டம்ளர்ல டீ தருவாங்க?" என்றார் பேராசிரியர். அறையே சிரித்தது. தோழரும் சிரிச்சு வச்சார். இடம் கிடைக்கல.

"தமாஷுக்குச் சொன்னாங்க, விடுப்பா" என்கிறார்கள். எப்படி விடுறது? சிரிச்ச வாய்க்குச் சொந்தமான கைதானே மார்க்கும் போடுது!

டெல்லி ஜே.என்.யூ.வில் அப்துல் நஃபே குழு 2016இல் மதிப்பெண்களை ஆராய்ந்தது. எழுத்துத் தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் உள்ள வித்தியாசம் பாகுபாட்டைக் காட்டுகிறது என்றது. நேர்முகத்தின் 30 மார்க்கை 15 ஆக்கச் சொன்னது. நடந்ததென்ன? 2017இல் நேர்முகத்துக்கே 100 சதம் கொடுத்தார்கள். அங்கே படித்த நம்ம சேலத்து முத்துகிருஷ்ணன் அந்த மார்ச்சில் சாவதற்கு முன் முகநூலில் எழுதியதும் இதைத்தான்: சேர்க்கையிலும் சமத்துவமில்லை, நேர்முகத்திலும் இல்லை.

2022 யு.ஜி.சி. விதிப்படி பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் எழுத்துக்கு 70, நேர்முகத்துக்கு 30. எழுத்தில் ஜெயித்த பிள்ளையைக் கவிழ்க்க அந்த 30 போதும்.

கேட்ட கேள்வி, போட்ட மார்க் எல்லாம் பதிவாகட்டும், பிள்ளைகள் கைக்கு வரட்டும். அப்புறம் சிரிக்கட்டும், பார்ப்போம்.