அரிப்புக்குப் பட்டு ஆகுமென்றால், பிள்ளைக்குப் பழைய சட்டை ஆகாதா?



பெருநாள் காலை. தொழுகைக்கு அரை மணி நேரமே இருக்கிறது. கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத வெள்ளை ஜிப்பா. கழுத்தைச் சுற்றிச் சரிகை வேலைப்பாடு. எட்டு வயதுப் பிள்ளை அதனைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரையில் புரண்டு அழுகிறான். வீடு நிறைய உறவினர்கள். ‘செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்’ என்கிறார் ஒருவர். ‘கண்ணூறாக இருக்கும், ஹஜ்ரத்திடம் ஓதிப் பாருங்கள்’ என்கிறார் இன்னொருவர். வாப்பா ஓங்கி ஓர் அறை விடுகிறார். விம்மிக்கொண்டிருக்கும் பிள்ளை அந்த ஜிப்பாவுக்குள் திணிக்கப்பட்டுத் திடலுக்கு இழுத்துச் செல்லப்படுகிறான்.

அறைந்த கை என்னுடையது. ஆகவே இக்கட்டுரையில் உள்ள கோபம் முதலில் என்மீதே. அதன் பின்னரே உங்கள்மீது.

இரண்டாண்டுகள் கழித்தே அவனுக்கு ஆட்டிசம் இருப்பதை மருத்துவர் சொன்னார். சில பிள்ளைகளின் மூளை தொடுதலையும் ஒலியையும் ஒளியையும் நம்மைப்போல் வடிகட்டுவதில்லை. சட்டையை அணிந்த சற்று நேரத்தில் நமக்கு அது மறந்துபோகிறது. அவர்களுக்கோ நாள் முழுதும் அது உறைத்துக்கொண்டே இருக்கிறது. பின்கழுத்தில் தைத்த லேபிள், காலுறையின் விரல்முனைத் தையல், இடுப்பு எலாஸ்டிக், பாலியஸ்டரின் வழுவழுப்பு, எல்லாமே வேதனை. இது நவீனத் தாய்மார்கள் கண்டுபிடித்த சாக்கு அன்று. 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு, புலன் உணர்வுகளுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. சட்டத்திற்கு விளங்கியது நம் குடும்பங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

‘தீனைப் பேணும் குடும்பத்தில் இதற்கெல்லாம் இடம் கொடுக்கலாமா?’ என்று கேட்கிறார்கள். தீனிலிருந்தே பதில் சொல்கிறேன். ஆண்களுக்குப் பட்டாடை ஆகாது என்பது நம் சிறுவர்களும் அறிந்த சட்டம். ஆயினும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகிய இருவருக்கும் உடலில் அரிப்பு இருந்த காரணத்தால் பட்டுச் சட்டை அணிய நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. எண்ணிப் பாருங்கள்! அவ்விருவரும் போர்க்களம் கண்ட வீரர்கள். ‘ஆண்மகன் ஓர் அரிப்பைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?’ என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மார்க்கம் தடுத்த ஒன்றே தோலின் வேதனைக்காக இளகிக் கொடுத்தது. நாம் பிடித்துத் தொங்கும் கஞ்சி ஜிப்பாவோ மார்க்கமும் அன்று, ஸுன்னத்தும் அன்று. உறவினர் வாயை அடைக்க நாம் போடும் வேடம்.

கோடுகள் நிறைந்த ஒரு போர்வை தொழுகையில் தம் கவனத்தைக் கலைத்ததற்காக அதைக் கழற்றி அனுப்பிவிட்டு, வேலைப்பாடற்ற எளிய போர்வையைக் கொண்டுவரச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். கழுத்தை அறுக்கும் சரிகையோடு நிற்கும் பிள்ளைக்கு ஸஜ்தாவில் என்ன கவனம் இருக்கும்?

அடுத்த ஆட்சேபம் பெண்பிள்ளைகளைப் பற்றியது. ‘இன்று முக்காட்டில் விட்டுக்கொடுத்தால் நாளை எல்லாம் போய்விடும்’ என்று அஞ்சுகிறார்கள். மறைக்க வேண்டியதை மறைப்பது மார்க்கம். ஜார்ஜெட் துணியும், நெற்றியை இறுக்கும் உள்தொப்பியும், தாடையடியில் குத்தும் ஊசியும் எங்கே கடமையாயின? ஊசி தேவைப்படாமல் தலைவழியே அணியக்கூடிய, மென்மையான பின்னலாடைப் பருத்தியில் தைத்த முக்காடுகள் கிடைக்கின்றன. துணி வாங்கித் தையற்காரரிடம் கொடுத்தாலும் தைத்துத் தருவார். பருத்தியில் முகம் மலர்ந்து முக்காடிடும் பிள்ளையை ஜார்ஜெட்டால் அழவைத்து, பிறகு அவள் ஹிஜாபை வெறுக்கிறாள் என்று அவள்மீதே பழி போடுகிறோம். பெண்பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து நடித்துத் தம் சிரமத்தை மறைத்துக்கொள்வதால், பலர் காலந்தாழ்ந்தே கண்டறியப்படுகிறார்கள் என்பதையும் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பெருஞ்செலவு இல்லை. லேபிளைக் கத்தரித்தால் மிஞ்சும் விளிம்பு முன்னிலும் மோசமாகக் குத்தும். தையலைப் பிரித்து முழுமையாக எடுத்துவிட வேண்டும். பெருநாள் உடையை முன்கூட்டியே வாங்கி, கஞ்சியின்றி ஐந்தாறு முறை துவைத்து, வீட்டில் சில நாள் போட்டுப் பழக்கலாம். ஜிப்பாவுக்கு உள்ளே மல் துணியில் உட்புறம் தைக்கலாம். காலுறையை உட்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டால் பாதித் தொல்லை தீரும். பிடித்த சட்டை ஒன்று கிடைத்தால் அதே சட்டையை அடுத்த அளவிலும் வாங்கி வையுங்கள். எல்லாப் பிள்ளைகளும் தளர்வான துணியை விரும்புவதும் இல்லை. சிலருக்கு உடலை ஒட்டிய பருத்தி பனியன் உள்ளே இருந்தால்தான் நிம்மதி. எது வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்டறிவதே வழி. பேச்சு வராத பிள்ளையானால், எதைத் தேடித் தேடி எடுத்துப் போடுகிறான் என்று பாருங்கள். கைலிக்கு உள்ள மதிப்பை இவ்விஷயத்தில்தான் நான் உணர்ந்தேன்!

வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறொன்றும் தேவை: கூட்டத்தில் தம்மைச் சுட்டிக்காட்டாத உதவி. ஒலிபெருக்கியின் இரைச்சலைத் தணிக்கும் காதடைப்பான் முக்காட்டின் கீழ் வெளியே தெரியாது. கைகள் ஓயாத இளைஞனிடம் தஸ்பீஹ் மணி இருந்தால் எவரும் வித்தியாசமாகப் பார்க்கப் போவதில்லை. ஸஃப்பின் ஓரத்தில், வாசலுக்கு அருகில் ஓர் இடம். வெளியேற வேண்டுமென்றால் உம்மாவிடம் சொல்ல ஓர் அடையாளச் சொல். மதரஸா உஸ்தாதிடம் தனியே ஒரு வார்த்தை. அதை உஸ்தாத் வகுப்பின் முன் அறிவித்துவிடக் கூடாது. அன்பின் மிகுதியால் ‘பாவம், இவனுக்கு இப்படி’ என்று எல்லார் முன்னிலும் சொல்லும் நல்லவர்கள்தாம் அந்தப் பிள்ளையை மறுநாள் வரவிடாமல் செய்கிறவர்கள்.

ஆனால் ஒன்று. கண்ணியம் காப்பது வேறு, ஒளித்து வைப்பது வேறு. அக்காளுக்குச் சம்பந்தம் பேசி முடியும்வரை தம்பியை மருத்துவரிடம் காட்டாமல் தள்ளிப்போடும் வீடுகளை நான் அறிவேன். விருந்தினர் வந்தால் பிள்ளையை மாடிக்கு அனுப்பும் வீடுகளையும் அறிவேன். அங்கே காக்கப்படுவது பிள்ளையின் மானம் அன்று, நம்முடைய மானம். இரகசியம் யாருக்கு உரியதோ அவருடைய நன்மைக்காகவே அது காக்கப்பட வேண்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளிடமும் ஒரு கேள்வி. பள்ளிவாசலுக்குக் குளிர்சாதனமும் சரவிளக்கும் வாங்க நிதி திரட்டினோம். மதரஸா சீருடைக்குப் பாலியஸ்டருக்குப் பதில் பருத்தியைத் தெரிவுசெய்ய எந்தக் கூட்டத்திலேனும் ஒருவர் எழுந்து பேசியதுண்டா? சீருடை அணிய முடியாத பிள்ளைக்கு அதே நிறத்தில் வேறு துணி போதும் என்று ஒரு வரி எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்?

என் மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. சென்ற பெருநாளில் துவைத்துத் துவைத்து நிறம் மங்கிய பருத்திச் சட்டையோடு ஸஃப்பின் கடைசியில், என் வலப்பக்கம் நின்றான். தொழுகை முடிந்ததும் உறவினர் ஒருவர் என்னிடம், ‘பெருநாளுக்குக்கூடப் பிள்ளைக்குப் புதுத்துணி எடுக்கவில்லையா?’ என்று கேட்டார். எடுத்தேன் என்றேன். அதைத்தான் அவன் போட்டிருந்தான். நான்கு மாதங்களுக்கு முன்பே எடுத்தது.